சாரலுக்குப் போன ஜாவாக்கள்

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்தால் ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் தங்க மாட்டார்கள். பல நாடுகளில் அந்த வண்டிகளின் அன்பர்கள் கூடும் நாள் அது. நம் பக்கத்தில் அந்த நாளுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஆனி முடியப்போகும் நேரம், குற்றாலத்தில் சீசன். மதுரையிலிருந்து இலஞ்சிக்குக் கிளம்பிய எங்கள் கூட்டத்துக்கு இரண்டும் சேர்ந்து ஒரே சாக்காகிவிட்டது.

சங்கம், பதாகை, தலைவர் என்று எதுவும் இல்லாத கூட்டம் இது. ஒரு பல் மருத்துவர், ஒரு பழ வியாபாரி, மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பெரியவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய பேரன், இன்னும் சிலர். வேறெந்த வகையிலும் ஒரே பெஞ்சில் உட்காரச் சாத்தியமில்லாத இவர்களைச் சேர்த்து வைத்தது மைசூரில் வார்த்த இரும்பு. 1929-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஜாவா, 1960-இல் தொடங்கப்பட்ட ஐடியல் ஜாவா நிறுவனத்தின் வழியாக மைசூருக்கு வந்தது. ஆலையைத் திறந்து வைத்தவர் ஜெயசாமராஜ உடையார். எழுபதுகளில் வண்டியின் பெயர் யெஸ்டி ஆனது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயரில் புது வண்டிகள் வந்தன. எங்கள் கூட்டத்தில் அவற்றுக்கு விருந்தாளி மரியாதை உண்டு, பந்தியில் முதல் இலை கிடையாது.

திருமங்கலம் – ஸ்ரீவில்லிபுத்தூர்

திருமங்கலம் தாண்டிய முதல் பெட்ரோல் பங்கிலேயே பூஜை தொடங்கிவிட்டது. பழைய ஜாவாவும் பழைய யெஸ்டியும் டூ ஸ்ட்ரோக். எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் ஊற்றும் வழக்கம் கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் எண்ணெய் உள்ளே போக வேண்டும். அவரவர் பெட்டியிலிருந்து 2டி ஆயில் பாட்டில் வெளியே வந்தது. லிட்டருக்கு முப்பது மில்லியா நாற்பதா என்று பல் மருத்துவருக்கும் பழ வியாபாரிக்கும் அங்கேயே வழக்கு. குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூட்டினால் பிளக் கரியாகும். பங்கில் வேலை பார்த்த பையன், பெட்ரோலில் எண்ணெய் ஊற்றுவதை முதல்முறையாகப் பார்க்கிறான் போல, செல்போனை எடுத்துப் படம் பிடித்தான்.

அவன் அதற்கடுத்துப் பிடித்த படம் இன்னும் சுவாரசியமானது. ஜாவாவில் கிக்கருக்கும் கியருக்கும் ஒரே தண்டு. கியர் மிதியை உள்பக்கம் அழுத்தி மேலே திருப்பினால் அது கிக்கர் ஆகிவிடும். வண்டி கிளம்பியதும் அதை மறுபடி கீழே மடக்கிக் கியராக மிதிக்கலாம். "அண்ணே, இன்னொரு தடவை" என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஐம்பதைத் தாண்டவில்லை. தாண்ட முடியாமல் இல்லை. வரிசையில் எல்லாவற்றிலும் வயதான வண்டி எதுவோ, அது போகும் வேகத்தில் மற்றவை போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்த வேகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கமாகக் கூடவே நடந்து வந்தது. மதுரையில் எங்களுக்கு மலை என்றால் யானைமலையும் நாகமலையும்தான், வெயிலில் காய்ந்த பாறை. இங்கே மலையின் இடுப்பில் மேகம் இருந்தது, அடிவாரத்தில் மட்டும் வெயில் காய்ந்தது.

பால்கோவா கடைக்கு எதிரே வரிசையாக வண்டிகளை நிறுத்தியதும் ஆட்கள் கூடினார்கள். கூடியவர்களில் ஐம்பது வயது தாண்டிய எவரும் வண்டியின் விலையைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான்: "எங்க அப்பா ஒண்ணு வச்சிருந்தாரு." அடுத்த வாக்கியத்தில்தான் வேறுபாடு. ஒருவர் வீட்டில் அது இரும்புக் கடைக்குப் போயிருந்தது, ஒருவர் வீட்டில் தங்கை கல்யாணத்துக்கு விற்கப்பட்டிருந்தது, இன்னொருவர் வீட்டில் இன்றும் மாட்டுத் தொழுவத்தில் சாக்குப் போட்டு மூடி நிற்கிறது. மூன்றாமவரிடம் எங்கள் ஆட்கள் மூன்று பேர் உடனே தொலைபேசி எண் வாங்கிக்கொண்டார்கள்.

புளியங்குடி

ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று ஊர்கள் வந்து போயின. புளியங்குடியை நெருங்கும்போது மின்வாரியப் பெரியவரின் அறுபதுகளின் ஜாவா இருமியது, வெடித்தது, நின்றது. கொஞ்சம் ஆறவிட்டு உதைத்தால் ஓடும், இரண்டு பர்லாங்கில் மறுபடி நிற்கும்.

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். சாலையோரம் மூட்டைகள், மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றிய டிவிஎஸ் வண்டிகள். அந்த வண்டிகள் போகும் திசையில் தள்ளிக்கொண்டே போனோம், பட்டறை வந்தது. தகரக் கூரை, தரையெல்லாம் எண்ணெய்க் கறை, ஒரு மூலையில் சாமி படம். பட்டறைக்காரர் ஜாவாவை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார்.

"மருதையிலருந்தா வாரீங்க? இதுலயா?"

"ஆமா அண்ணாச்சி."

"பஸ் ஓடலையோ?"

சிரிக்காமல்தான் கேட்டார். மூடியைக் கழற்றி, பாயிண்ட்டில் பறக்கும் பொறியைப் பார்த்ததுமே "கண்டன்சர் போச்சு" என்றார். இந்த வண்டிகளில் பாயிண்ட் திறக்கும்போதுதான் பிளக்கில் பொறி பிறக்கிறது. கண்டன்சர் கெட்டால் பொறி பிளக்குக்குப் போகாமல் பாயிண்ட்டிலேயே எரிந்து தீர்ந்துவிடும். சூடேறினால் இன்னும் மோசம். அவர் ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். அதற்குள்ளிருந்து ஓர் அம்பாசிடர் கண்டன்சர் வந்தது. கார்க் கண்டன்சர் ஜாவாவின் கூட்டுக்குள் அடங்காது. ஒயரை நீட்டி, வெளியே சட்டத்தோடு கிளாம்ப் போட்டுக் கட்டினார். ஒரே உதையில் பிடித்தது. எலுமிச்சை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் இரட்டைச் சைலென்சரின் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

நூறு ரூபாய்தான் வாங்கினார். "பார்ட்டுக்கு நாப்பது, வேலைக்கு அறுவது" என்று கணக்கும் சொன்னார். பெரியவர் ஐநூறு நீட்டியபோது முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி, நான் வேலைக்குத்தான் காசு வாங்குவேன்" என்றார். பேரன் மட்டும் கிளாம்ப் போட்ட இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அங்கே அவன் கேட்காத கேள்விகள் அடுத்த நாள் இலஞ்சியில் வெளிவந்தன.

தென்காசி

கடையநல்லூர் தாண்டியதும் காற்று மாறியது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளத்து ஈரக்காற்று ஊடுருவும் பாதை இது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடியது. வாசுதேவநல்லூரில் கண்ணில் புழுதி விழுந்தது, தென்காசிக்கு வருமுன் கைமுடியில் ஈரம் ஒட்டியது. ஒரே பிற்பகலில் இரண்டு பருவம்.

தென்காசிக் கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுரம் நீண்டகாலம் சிதைந்து மொட்டையாக நின்று, மறுபடி கட்டப்பட்டு 1990-இல் குடமுழுக்கு கண்டது. கோபுர வாசலில் நின்றால் முன்னாலிருந்து தள்ளும் காற்று, தாண்டி உள்ளே போனதும் முதுகில் தள்ளும். நின்று அதை அனுபவித்துவிட்டு வந்த பழ வியாபாரி, "பழசைப் பழுது பார்க்கிறதுல தென்காசிக்காரங்க நமக்கு அண்ணன்" என்றார்.

இலஞ்சி

தங்கியது இலஞ்சியில். குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரம், ஆனால் குற்றாலத்தின் கூட்டம் இங்கே எட்டாது. சிற்றாற்றங்கரை, அருணகிரிநாதர் பாடிய குமாரர் கோயில், அதைச் சுற்றிப் பச்சை. மதுரையில் வைகை மணல் காட்டுவதற்கே பழகிய கண்ணுக்கு, ஜூலையில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுவது நம்ப முடியாத காட்சி. வயல்களின் எதிர்க்கரையில் மலை நின்றது. மலைக்கும் எங்களுக்கும் நடுவே சாரல் திரை போட்டது, திரை விலகியது, மறுபடி போட்டது.

வண்டிகளை ஒரு தோப்புக்குள் நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டினோம். பாயிண்ட்டுக்குள் ஈரம் போனால் காலையில் யாருக்கும் கிளம்பாது. தோப்புக்காரரின் அம்மா இரவுக்கு இடியாப்பமும் சொதியும் வைத்தார்கள். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் கிடந்த சொதியோடு இஞ்சித் துவையல். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கும் சமையல் அது. "எல்லாரும் வண்டியத் தொடச்சிட்டே இருக்கீங்களே, பொண்டாட்டிமாருக்கு ஒரு தடவையாவது இப்படிச் செஞ்சிருப்பீங்களா?" என்று பரிமாறிக்கொண்டே கேட்டார்கள். பந்தி கொஞ்ச நேரம் அமைதியாகச் சாப்பிட்டது.

ஐந்தருவி

சீசனில் குற்றாலத்தில் இரவு பகல் கிடையாது. நடுநிசிக்குக் கொஞ்சம் முன்னால் ஐந்தருவிக்குப் போனோம். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் எண்ணெய் தேய்ப்பவர்கள், நேந்திரம் சிப்ஸ் வறுக்கும் வாசம், ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்த கடைகள். எங்கள் ஊர்ப் பழ வியாபாரிக்கு இங்கே பேச்சே எழவில்லை, மங்குஸ்தானை உடைத்து உடைத்துத் தின்றார். அருவிக்கு அடியில் ஐந்து நிமிடம் நின்றதும் சைலென்சர் புகையும் நெடுஞ்சாலைத் தூசியும் போய், பசி மட்டும் மிச்சமானது.

குற்றாலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ரசிகமணி டி.கே.சி. வராமல் இருக்க மாட்டார். 1954-இல் மறையும்வரை கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடிக் கம்பனின் ஒரே பாட்டை மணிக்கணக்கில் அனுபவிப்பார்களாம். எங்கள் கூட்டத்துக்கும் அப்படி ஒரு ஆசை உண்டு. ஒரே எஞ்சினைப் பற்றி இரவெல்லாம் பேசுவோம். ஆனால் கம்பனை ரசிக்கக் கம்பனாக வேண்டியதில்லை. பழைய எஞ்சினை ரசித்தால் மட்டும் அது ஓடாது, அதைத் திறக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது காலையில் தெரிந்துபோனது.

இலஞ்சி, ஞாயிறு காலை

தார்ப்பாயை எடுத்து வண்டிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினார்கள். தோப்பு முழுக்கச் சாம்பிராணி போட்ட வீடு மாதிரி நீலப் புகை. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பையன்களும், கோயிலுக்கு வந்தவர்களும், புல்லட் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் சிலரும் வந்தார்கள். புல்லட் திருவொற்றியூரில் செய்யப்பட்ட நம் ஊர் வண்டி. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது முதல் இன்றுவரை சங்கிலி அறாமல் ஓடுகிறது, அதனால் அதன் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. "எங்களுக்கு டிக்கம்ப்ரசர் இருக்கு, அம்மீட்டர் இருக்கு, உங்களுக்கு என்ன இருக்கு?" என்று ஒரு புல்லட்காரர் சீண்டினார். "எங்களுக்கு ரெண்டு சைலென்சர் இருக்கு" என்றார் மின்வாரியப் பெரியவர்.

பேச்சு அரசு விதிகள் பக்கம் திரும்பியது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குச் சாலையில் ஓட்டக்கூடாது, கண்காட்சி, பேரணி மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். "ஓட்டாம வைக்கிறதுக்கு இருபதாயிரமா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் கிக்கரை மிதித்தார். ஜாவா எதிர் உதை உதைத்தது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டைமிங் விலகிவிட்டது.

ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருவர் யூடியூபைத் திறந்தார். வீடியோவில் செக் மொழியில் யாரோ பேசினார்கள். அப்போது தோப்புக்காரர் தன் சைக்கிளில் போய் ஒருவரைக் கூட்டி வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். பிரானூர் மர அறுவை மில்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர், ஓய்வு நேரத்தில் பைக் மெக்கானிக். எல்லாரும் மாமா என்றார்கள், நாங்களும் மாமா என்றோம்.

அவர் கேட்டது இரண்டு சாமான்: ஒரு சைக்கிள் ஸ்போக், ஒரு பீடிக்கட்டுக் காகிதம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஸ்போக்கை விட்டார். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் பிஸ்டன் ஏறும்போது ஸ்போக்கும் ஏறும். பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில் ஸ்போக்கில் ஒரு கோடு கீறினார். அதற்குச் சில மில்லிமீட்டர் மேலே இன்னொரு கோடு. பிஸ்டன் ஏறி வரும்போது அந்த மேல்கோடு ஓட்டையின் விளிம்புக்கு வரும் தருணத்தில்தான் பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே பீடிக் காகிதத்தைக் கடிக்க வைத்து, லேசாக இழுத்துக்கொண்டே சுற்றச் சொன்னார். எந்தக் கணத்தில் காகிதம் நழுவுகிறதோ, அந்தக் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். நழுவும் இடம் கோட்டோடு சேரும்வரை தட்டைத் தளர்த்தினார், இறுக்கினார், மறுபடி தளர்த்தினார்.

சுற்றிக்கொடுத்தது பேரன். "ஏன் மாமா முன்னாலயே திறக்கணும்? பிஸ்டன் உச்சிக்கு வந்தப்புறம் திறந்தா என்ன?" என்று கேட்டான். மாமா தலை நிமிராமல் சொன்னார்: "பெட்ரோல் எரியறதுக்கு நேரம் வேணும்லா. நீ உச்சிக்கு வந்து தீ வச்சா, அது எரிஞ்சு முடியறதுக்குள்ள பிஸ்டன் கீழ போயிரும். ரொம்ப முன்னால வச்சா, ஏறி வாரவன எதுத்து அடிக்கும். உங்க தாத்தா கால அதுதான் அடிச்சுது." பாலிடெக்னிக்கில் இதைப் படத்தில் படித்திருப்பான். காகிதம் விரலில் நழுவுவதை அன்றுதான் உணர்ந்தான். முகத்தில் தெரிந்தது.

எங்கள் வாட்ஸாப் பேச்சில் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விதான் அதிகம். உண்மையில் பிஸ்டனும் ரிங்கும் கேபிளும் யாராவது எங்காவது செய்து விற்கிறார்கள், காசு கொடுத்தால் வீட்டுக்கே வருகிறது. தீர்ந்துகொண்டிருப்பது இந்தக் கைகள். புளியங்குடியில் ஒருவர், இலஞ்சியில் ஒருவர். ஊருக்கு ஒருவராக இருந்தவர்கள் இனி வட்டாரத்துக்கு ஒருவர். மாமாவின் மகன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறார், அவருக்குப் பாயிண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

புளியரை – ஆரியங்காவு

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று மாமா பெரியவரின் ஜாவாவில் பின்னால் ஏறிக்கொண்டார். செங்கோட்டை வழியாகப் புளியரை. இங்கிருந்து சாலை மலையைச் சுற்றி ஏறும். எதிரே மரம் ஏற்றிய லாரிகள், பின்னால் கேரளத்துக்குக் காய்கறி கொண்டு போகும் லாரிகள், நடுவில் நாங்கள். நேற்று இருமிய ஜாவா இரண்டாவது கியரில் தம் பிடித்து ஏறியது. ஆரியங்காவு வரும்போது சாரல் மழையாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்து மலை புல்லும் பாறையுமாக இருக்க, இந்தப் பக்கம் தேக்கும் ரப்பரும் மண்டிக் கிடந்தது. கட்டன் சாயா, பழம்பொரி.

கழுதுருட்டிக்குப் பக்கத்தில் சாலையை ஒட்டியே நிற்கிறது பதின்மூன்று கண் பாலம். செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதை 1904-இல் திறந்தபோது கட்டிய கருங்கல் வளைவுகள். 2018-இல் அகலப் பாதை ஆன பிறகும் அதே பாலத்தைப் பலப்படுத்தி அதன் மேல்தான் ரயில் விட்டிருக்கிறார்கள். பாலத்தடியில் ஒதுங்கி நின்றபோது மாமா, சின்ன வயதில் அம்மாவோடு புனலூருக்கு இந்த ரயிலில் போன கதையைச் சொன்னார். குகைக்குள் நுழையும்போது ஜன்னலை மூடாவிட்டால் சட்டையெல்லாம் கரியாகுமாம்.

திரும்பும் வழியில் இறக்கம் தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தினார். "இறக்கந்தானேன்னு ஆக்சிலேட்டர ஒரேயடியா மூடிராதீங்க. பெட்ரோல் போனாத்தான் ஆயிலும் போவும். மூடிட்டு உருட்டுனா உள்ள காஞ்சு பிஸ்டன் பிடிச்சிரும். எடையெடையில கொஞ்சம் குடுத்து குடுத்து வாங்க." இரண்டு சைலென்சர்களும் விட்டுவிட்டு உறுமிக்கொண்டே புளியரைக்கு இறங்கின.

பிரானூர் பார்டர்

1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எல்லை பிரானூர்ப் பக்கம் இருந்தது. எல்லை மேற்கே போய்விட்டது, பார்டர் என்ற பெயரும் பரோட்டாக் கடைகளும் இங்கே நிற்கின்றன. சின்னச் சின்ன பரோட்டா, அதைப் பிய்த்துப் போட்டு மேலே ஊற்றும் சால்னா, நாட்டுக்கோழி, காடை. மதுரையில் பரோட்டாவின் தரத்தைக் கொத்தும் சத்தத்தில் எடைபோடுவோம். இங்கே இலையில் விழுந்ததும் உதிர்கிறதா என்று பார்க்கிறார்கள். பல் மருத்துவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்த பெரியவர் மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "என்ன குடுக்கணும்?"

"இருநூறு."

"அவ்வளவுதானா?"

"வேலைக்கு இருநூறு. மலைக்குக் கூட்டிட்டுப் போனதுக்கு நான்தான் உங்களுக்குக் குடுக்கணும்." பிறகு பேரனைப் பார்த்து, "லீவுக்கு வாரியா? லேத்துல நிக்கணும், காலையில எட்டு மணிக்கு. செல்போன வீட்டுல வச்சிட்டு வரணும்" என்றார்.

பேரன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா பில்லைப் பார்த்தார். அக்டோபரில் பரீட்சை முடிந்ததும் பையன் வருவதாகப் பேச்சு முடிந்தது. தங்குவதற்குத் தோப்புக்காரரின் வீடு, சாப்பாட்டுக்கு அவருடைய அம்மா. செலவை யார் ஏற்பது என்று கேள்வி வந்தபோது, உதிரிபாகம் வாங்க நாங்கள் மாதாமாதம் சேர்த்து வைக்கும் பணத்திலிருந்து கொடுக்கலாம் என்றார் பழ வியாபாரி. டேங்குக்குப் புது குரோம் போடுவதற்காக அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்த பல் மருத்துவர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரும் கை தூக்கினார்.